புளூட்டோவின் மாமியார்

2006 ஆகஸ்ட் 24ஆம் தேதி பிராக் நகரத்தில் கூடிய வானியலாளர்கள் ஓட்டுப்போட்டு புளூட்டோவைக் கோள்கள் பட்டியலிலிருந்து எடுத்ததும் உலகமே சேர்ந்து ஒப்பாரி வைத்தது. நம்மூரிலும் அப்படித்தான். டீக்கடையில் தினசரி புரட்டிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் "பாவங்க அது, யாருக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு" என்று பரிந்து பேசினார்கள். (நவக்கிரகத்தைச் சுற்றுகிற நம் ஆட்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, அந்தச் சன்னிதியில் புளூட்டோ எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.) இன்றைக்கும் புளூட்டோ என்று ஆரம்பித்தால் போதும், உச்சுக்கொட்ட ஆள் இருக்கிறது.

அந்த அனுதாபத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதே நாள், அதே கூட்டத்தில், 'குறுங்கோள்' என்கிற புது வகுப்புக்குள் இன்னொரு பெயரும் வந்தது: சீரிஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, சிறுகோள் பட்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் 940 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு உருண்டை. சென்னையிலிருந்து மும்பைக்கு விமானம் பறக்கிற தூரம்கூட இல்லை. ஆனாலும் அந்தப் பட்டையில் இருக்கிற மொத்தப் பொருளில் மூன்றில் ஒரு பங்கு இது ஒன்றிலேயே அடக்கம். அதற்காக யாரும் அழவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. இத்தனைக்கும் சீரிஸ் புளூட்டோவுக்கு மாமியார் முறை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரோமானியப் புராணத்தில் புளூட்டோ பாதாளத்து ராஜா. அவன் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்டது சீரிஸின் மகளைத்தான்.

இந்தக் கதையை ஒரு நாள் என் மாமியாரிடமே சொன்னேன். குரோம்பேட்டை வீட்டில் கரண்ட் போயிருந்தது, சீரியல் இல்லை, அதனால் அத்தைக்கு என் பேச்சைக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

சீரிஸ் தானியத்துக்குத் தெய்வம். உழவு, விதைப்பு, அறுப்பு எல்லாம் அவள் பொறுப்பு. ஒரே மகள், புரொசர்பினா. சிசிலித் தீவில் என்னா என்கிற ஊர்ப்பக்கம் ஒரு ஏரிக்கரையில் தோழிகளோடு பூப்பறித்துக்கொண்டிருந்தவளை, ரதத்தில் வந்த புளூட்டோ வாரிப்போட்டுக்கொண்டு பூமிக்குள் போய்விட்டான். தாய்க்கு விஷயம் தெரியாது. எட்னா எரிமலையின் நெருப்பில் இரண்டு பந்தங்களைக் கொளுத்திக்கொண்டு ராத்திரி பகல் பார்க்காமல் ஊர் ஊராகத் தேடுகிறாள். கடைசியில் உண்மை தெரிந்து தேவராஜன் ஜூபிடரிடம் போய் நின்றால், அவன் (அவன்தான் அந்தப் பெண்ணுக்கு அப்பன்) மாப்பிள்ளை ஒன்றும் குறைந்தவன் இல்லையே, என் கூடப்பிறந்தவன்தானே என்கிறான்.

இந்த இடத்தில் அத்தை நிறுத்தினார். "மாப்பிள்ளை, அந்தப் பையன் பொண்ணுக்கு என்ன முறை?"

புளூட்டோவும் சீரிஸும் கூடப்பிறந்தவர்கள், அப்படிப் பார்த்தால் தாய்மாமன் என்றேன்.

"அப்ப முறைதானே! கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்களே, எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்?"

ஆனால் ஜூபிடருக்கும் அண்ணன் அத்தை, அந்த வழியில் பெரியப்பா.

"சீ" என்றார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கிரேக்க ரோமானியத் தெய்வக் குடும்பங்களைப் பற்றி எத்தனையோ பேர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், அத்தையின் அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் வந்துவிட்டதாகப்பட்டது.

அப்புறம் கதை பஞ்சத்துக்குப் போகிறது. மகளைத் தராதவரை ஒரு விதையும் முளைக்காது என்று சீரிஸ் பூமியைக் காயப்போடுகிறாள். ஜூபிடர் இறங்கிவந்து, சரி, பெண் திரும்பி வரட்டும், ஆனால் பாதாளத்தில் வாயில் எதுவும் படாமல் இருந்திருந்தால் மட்டும் என்று நிபந்தனை போடுகிறான். அவளோ அங்கே மாதுளம் முத்துகளைத் தின்றிருக்கிறாள். ரோமானியக் கவி ஓவிட் சொல்கிற கணக்கில் ஏழு முத்து. அதனால் பாதி வருஷம் தாயிடம், பாதி வருஷம் புருஷனிடம் என்று பஞ்சாயத்து முடிகிறது. மகள் மேலே வந்தால் வசந்தம், கீழே போனால் குளிர்காலம்.

"ஆடிக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வர்ற மாதிரிதான்" என்றார் அத்தை. "ஒரு மாசத்துக்குப் பதிலா ஆறு மாசம். அந்தம்மா கெட்டிக்காரிதான்."

கரண்ட் வந்துவிட்டது, பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் அத்தையிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பருவகாலத்துக்கே காரணமான தெய்வத்தின் பெயரை வைத்திருக்கிற சீரிஸில் பருவகாலம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் நமக்குக் கோடை, குளிர் எல்லாம் வருகிறது. சீரிஸின் அச்சு இப்போது சாய்ந்திருப்பது வெறும் 4 டிகிரி. அதன் ஒரு வருஷம் நம் கணக்கில் 4.6 வருஷம், ஒரு நாள் 9 மணி நேரம். வருஷம் முழுக்க வெயில் கிட்டத்தட்ட ஒரே கோணத்தில்தான் விழும். துருவத்துப் பக்கம் சில பள்ளங்களின் அடியில் வெயிலே படுவதில்லை, அங்கே பனிக்கட்டி கிடக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை.

பெயர் வைத்தவர் ஜூசெப்பே பியாஸி. பாதிரியார். புராணத்தில் பெண்ணைத் தூக்கிய அதே சிசிலித் தீவில், பலேர்மோ வானாய்வகத்தில் நட்சத்திரப் பட்டியல் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கோள்களின் தூரத்தை வைத்து ஒரு கணக்கு புழக்கத்தில் இருந்தது. அதன்படி செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு இடம் காலியாக நின்றது. 1781இல் கண்டுபிடித்த யுரேனஸ் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்ததும் காலி இடத்தில் நிச்சயம் ஒரு கோள் இருக்கிறது என்று பலருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. 1800இல் ஃபான் சாக் என்கிற ஜெர்மானியரும் கூட்டாளிகளும், 24 பேர் வானத்தைத் துண்டு போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டு தேடுவது என்று ஏற்பாடு செய்து தங்களுக்கு 'வானப் போலீஸ்' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் பியாஸியும் உண்டு, ஆனால் அழைப்பு அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள், 1801 ஜனவரி 1ஆம் தேதி ராத்திரி, ரிஷப ராசியில் அவர் குறித்துவைத்த ஒரு மங்கலான நட்சத்திரம் அடுத்த ராத்திரி கொஞ்சம் தள்ளி இருந்தது. போலீஸ் கிளம்பும் முன்பே ஆள் சிக்கிவிட்டது. வெளியே வால்நட்சத்திரம் என்றே அறிவித்தார். நண்பர் ஒரியானிக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், அதைவிடப் பெரிய விஷயமாக இருக்கலாம் என்று லேசாகக் கோடி காட்டினார்.

பிப்ரவரி 11 வரை பார்த்தார். அப்புறம் உடம்புக்கு முடியவில்லை, சீரிஸும் சூரியன் பக்கம் போய் வெளிச்சத்தில் காணாமல் போய்விட்டது. புராணத்தில் மகளைத் தேடிய தாயை இப்போது ஐரோப்பா முழுக்கத் தேடினார்கள். கையில் இருந்தது ஆறு வாரத்துக் குறிப்பு மட்டும். அதை வைத்து முழுச் சுற்றுப்பாதையைக் கணக்கிட அப்போது யாருக்கும் சரியாக வழி தெரியாது. 24 வயதுப் பையன் ஒருவன், கார்ல் ஃப்ரீட்ரிக் காஸ், புது முறை ஒன்றைத் தானே உண்டாக்கி இந்த இடத்தில் பாருங்கள் என்று சொன்னான். 1801 டிசம்பர் 31 ராத்திரி ஃபான் சாக் அங்கே பார்த்தார், இருந்தது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகப் பிடித்த இடம் இதுதான். தொலைநோக்கி பக்கமே போகாமல் காகிதத்தில் தேடிப் பிடித்த முதல் பெரிய வெற்றி என்று நான் இதைச் சொல்வேன்.

பியாஸி சூட்டிய முழுப்பெயர் 'சீரிஸ் ஃபெர்டினாண்டியா'. முதல் பாதி சிசிலியைக் காக்கும் தெய்வத்துக்கு, இரண்டாம் பாதி சம்பளம் தரும் ராஜா ஃபெர்டினாண்டுக்கு. ராஜா பெயரை மற்ற நாட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, உதிர்ந்துபோயிற்று. தெய்வம் நின்றது. நமக்கும் இதெல்லாம் பழக்கம்தான், பேருந்து நிலையத்துக்கும் மேம்பாலத்துக்கும் பெயர் வைக்கிற ஊர்க்காரர்கள் நாம்.

ஆக, சீரிஸ் கோளாயிற்று. புத்தகங்களில் கோள் என்றே அச்சிட்டார்கள், அறுவடைக்காரி என்பதால் அரிவாளை அடையாளக்குறியாகக் கொடுத்தார்கள். 1803இல் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு உலோகத்துக்கு அவள் ஞாபகமாக சீரியம் என்று பெயர் வைத்தார்கள். சிகரெட் லைட்டரில் பொறி பறக்கிற கல்லில் இருப்பது அதுதான். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட்டிலும் இருப்பது அதுதான். பந்தம் ஏந்தித் திரிந்த தெய்வத்துக்குப் பொருத்தமான உலோகம்.

சீரிஸுக்குப் பக்கத்திலேயே 1802இல் பல்லாஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என்று வரிசையாகக் கிடைத்தன. எல்லாமே கோள்கள்தான் என்று வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் ஓட்டினார்கள். 1845இல் தபால் துறையில் வேலை பார்த்த ஹென்கே என்பவர் ஐந்தாவதைப் பிடித்ததும் அணை உடைந்தது. வருஷத்துக்கு ஒன்று, இரண்டு, அப்புறம் அதற்கும் மேல். இத்தனையையும் கோள் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்ல முடியுமா? அதனால் சத்தமில்லாமல் எண் போட்டு 'சிறுகோள்' என்று தனியே ஒதுக்கினார்கள். சீரிஸுக்கு எண் 1, அவ்வளவுதான் மரியாதை. ஓட்டெடுப்பு இல்லை, தலைப்புச் செய்தி இல்லை. புளூட்டோ 76 வருஷம் அனுபவித்த பட்டத்தை இவள் சுமார் 50 வருஷம் அனுபவித்து, புளூட்டோவைக் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே பறிகொடுத்துவிட்டாள்.

அப்படி அவளைக் கீழே இறக்கிய கூட்டத்தில் நம்மூருக்கும் ஒரு பங்கு உண்டு. மழைக்காலத்தில் "நுங்கம்பாக்கத்தில் இத்தனை செ.மீ., மீனம்பாக்கத்தில் இத்தனை செ.மீ." என்று செய்தியில் கேட்கிறோமே, அந்த நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகம்தான் பழைய மெட்ராஸ் வானாய்வகம் இருந்த இடம். 1792இல் கட்டியது. அதன் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது, தமிழ் எழுத்தும் பொறித்திருக்கிறது. அங்கே அரசு வானியலாளராக வந்த நார்மன் பாக்ஸன், 1861 ஏப்ரல் 17ஆம் தேதி ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஏஷியா' என்றே பெயர், எண் 67. அப்புறம் 1864இல் சாப்போ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா, எல்லாமே மெட்ராஸ் ஆகாயத்தில் பிடித்தவை. சில்வியாவுக்கு இரண்டு நிலவுகள் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். பாக்ஸனின் மகள் இசிஸும் அங்கேயே உதவியாளராகப் பல வருஷம் உழைத்திருக்கிறார். கல்லூரிச் சாலையில் தினமும் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்த வரிசை அவர்களோடு நின்று, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1988இல் ஜவ்வாது மலை காவலூரிலிருந்து மறுபடி ஒரு சிறுகோள் கிடைத்தது. அதற்கு ராமானுஜன் என்று பெயர். மெட்ராஸ் துறைமுகத்தில் கணக்கு எழுதிய அதே ராமானுஜன்தான்.

மெட்ராஸ் என்றதும் அந்தப் பஞ்சக் கதை எனக்கு வேறு மாதிரி படுகிறது. ரோம் நகரில் சீரிஸ் சாமானியர்களின் தெய்வம். கி.மு. 493இல் அவென்டைன் குன்றில் அவளுக்குக் கோயில் கட்டினார்கள், அது பிரபுக்கள் அல்லாத மக்களின் மையமாகவே இருந்தது. கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டதே ஒரு தானியத் தட்டுப்பாட்டின்போதுதான். ஏப்ரலில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி, அவளுக்குத் திருவிழா. பாக்ஸன் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் இங்கே தாது வருஷப் பஞ்சம் வந்தது, 1876 முதல் 78 வரை. மழை பொய்த்தது உண்மை. அதே நேரத்தில் மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் ஏற்றுமதிக்கு அடுக்கிக் கிடந்ததும் உண்மை. பஞ்ச நிவாரண வேலை என்று கூலிக்கு ஆள் வைத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய கால்வாய்தான் இன்று பறக்கும் ரயிலுக்குக் கீழே கறுப்பாகக் கிடக்கிற பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி. சீரிஸ் விதையை மறைத்தது மகளுக்காக. இங்கே மறைத்தவர்களுக்கு அப்படி ஒரு காரணமும் இருந்ததில்லை.

சீரிஸைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. அவளுடைய தோப்பில் இருந்த கருவாலி மரத்தை எரிசிக்தோன் என்பவன் வெட்டிவிடுகிறான். அவள் கொடுத்த சாபம் பசி. தின்னத் தின்ன அடங்காத பசி. சொத்தை விற்றுத் தின்கிறான், மகளையே விற்றுத் தின்கிறான், கடைசியில் தன் உடம்பையே தின்கிறான். மணிமேகலையில் காயசண்டிகை முனிவரின் நாவற்கனியை மிதித்ததற்கு வாங்கிய யானைத்தீ ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? ஆனால் அங்கே மணிமேகலை ஒரு பிடி சோறு கொடுத்ததும் பசி அடங்கிவிடுகிறது. ரோமானியக் கதையில் அப்படி ஒரு கை நீளவே இல்லை. எனக்கு நம் முடிவுதான் பிடிக்கும், பாரபட்சம் என்றால் பாரபட்சமாகவே இருக்கட்டும்.

சரி, 2006க்கு வருவோம். அந்த வருஷம் ஆகஸ்ட் 16ஆம் தேதி வந்த முதல் வரைவின்படி கோள்கள் மொத்தம் 12, அதில் சீரிஸும் ஒன்று. எட்டே நாளில் வரைவு மாறி, ஓட்டெடுப்பில் குறுங்கோளாயிற்று. சிறுகோளிலிருந்து பார்த்தால் பதவி உயர்வு, வரைவிலிருந்து பார்த்தால் ஏமாற்றம். இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் மருமகனுக்காக அழுதுகொண்டிருந்தார்கள்.

2015லும் அதே கதைதான். குறுங்கோள் ஒன்றை நேரில் போய்ப் பார்த்த முதல் விண்கலம் டான். மார்ச் 6ஆம் தேதி சீரிஸைச் சுற்ற ஆரம்பித்தது. நியூ ஹொரைசன்ஸ் என்கிற இன்னொரு விண்கலம் புளூட்டோவைத் தாண்டிப்போனது நான்கு மாதம் கழித்து, ஜூலை 14இல். ஆனால் எல்லோருடைய போனிலும் சுற்றியது புளூட்டோவின் இதய வடிவப் படம். டான் அனுப்பிய படங்களில் மங்கலான தரையில் பளீரென்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தபோது மட்டும் கொஞ்ச நாள் ஏலியன் விளக்கு அது இது என்று பேசினார்கள். விஷயம் என்னவென்றால், ஆக்கேட்டர் என்கிற 92 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தில் சோடியம் கார்பனேட் படிந்திருந்தது. நம் வீட்டுச் சலவை சோடா. ஏலியனைவிட எனக்கு இதுதான் சுவாரசியமாகப்பட்டது, ஏனென்றால் உப்புக் கரைசல் கீழேயிருந்து மேலே வந்து, தண்ணீர் போய், உப்பு மட்டும் தங்கியிருக்கிறது. சுமார் 40 கிலோமீட்டர் ஆழத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு உப்புநீர் இருப்பதாக 2020இல் வெளியான ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் புள்ளிகளில் நம் சமையல் உப்பே தண்ணீரோடு சேர்ந்த படிகமாகவும் இருக்கிறது. சூரியனுக்கு இவ்வளவு பக்கத்தில், செத்த கல் என்று நினைத்த ஒன்றுக்குள் ஈரம். எரிபொருள் தீர்ந்து 2018 நவம்பரில் டான் ஓய்ந்தபோதும் அதை சீரிஸ் மேல் விழவிடாமல் சுற்றுப்பாதையிலேயே விட்டார்கள், நம் ஊர்க் கிருமி எதுவும் அங்கே தொற்றிவிடக் கூடாதென்று.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: வெறும் கண்ணுக்குத் தெரியாது. மிகப் பிரகாசமாக இருக்கும்போதும் ஒளியளவு 6.7தான் (எண் கூடக்கூட மங்கல் என்று அர்த்தம்), அந்த அளவுகோலை இன்றைய வடிவில் வகுத்தவரும் நம் பாக்ஸன்தான். நல்ல பைனாகுலர் போதும். சுமார் 15 மாதத்துக்கு ஒரு முறை நம் வானத்தில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும், அப்போது ஒரு வரைபடச் செயலியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று ராத்திரி அதே இடத்தைப் பார்த்து, எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் முயற்சி செய்தேன், சோடியம் விளக்கு உபயத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. வந்ததற்கு அஷ்டலட்சுமி கோயிலில் தான்யலட்சுமியைக் கும்பிட்டுவிட்டு வந்தேன், இலாகா ஒன்றுதானே.

சீரிஸில் இருக்கும் பள்ளங்களுக்கு உலகத்து விவசாயத் தெய்வங்களின் பெயர், மற்ற அமைப்புகளுக்கு அறுவடைத் திருவிழாக்களின் பெயர் என்பது விதி. உர்வரா என்று நம் நாட்டுத் தெய்வம் ஒன்றின் பெயரில் பெரிய பள்ளம் இருக்கிறது. நான்கு கிலோமீட்டர் உயரத்தில் தனியாக நிற்கிற மலைக்கு அஹுனா, நாகாலாந்து சூமி மக்களின் அறுவடை விழா. வரிசையாகக் குழிகள் ஓடுகிற ஒரு இடத்துக்குப் பெயர் பொங்கல். ஆமாம், நம் பொங்கல்தான்.

இதைப் போன தை மாதம் அத்தையிடம் சொன்னேன். பால் பொங்கிவிடப் போகிறதே என்று அடுப்பிலேயே கண் வைத்திருந்தவர், திரும்பாமலே கேட்டார்: "சர்க்கரைப் பொங்கலா, வெண்பொங்கலா?"

அங்கே உப்புதான் கிடைத்திருக்கிறது அத்தை, வெண்பொங்கலாகத்தான் இருக்கும் என்றேன்.

"மிளகுக்கு எங்க போவாங்க?" என்றார்.